வெண்டைக்காயும் கணக்கும்

வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும் என்ற பொய்யைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய காயை உள்ளே அனுப்ப வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்த தந்திரம் அது. எங்கள் வீட்டிலும் இரண்டு தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு மார்க்கில் முன்னேற்றம் எதுவும் இதுவரை பதிவாகவில்லை.

ஆனால் வெண்டைக்காய்க்கும் கணக்குக்கும் வேறொரு சம்பந்தம் இருக்கு. மிளகு, கரும்பு, பருத்தி, காப்பி, இவற்றின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் கணக்குப் புத்தகங்கள் மலையாகக் குவிந்திருக்கும். எத்தனை மூட்டை, எந்தக் கப்பல், என்ன விலை, எவ்வளவு வரி, எல்லாம் கிடைக்கும். வெண்டைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பறித்த காய் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். மாதக்கணக்கில் கடலில் போகிற பாய்மரக் கப்பலில் ஏற்றி விற்கிற சரக்கு இல்லை. அதற்காக எந்த ராஜாவும் சண்டை போடவில்லை, எந்தக் கம்பெனியும் கோட்டை கட்டவில்லை.

இருந்தும் நைஜீரியா, எகிப்து, துருக்கி, பிரேசில், கரீபியத் தீவுகள், அமெரிக்காவின் தென் மாநிலங்கள், இந்தியா, மலேசியா என்று வெயில் அடிக்கிற இடமெல்லாம் வெண்டை இருக்கு. அப்போ அது எப்படிப் போச்சு, யார் கொண்டு போனாங்க? கொஞ்ச காலமாக இந்தக் கேள்வியோடு சுற்றிக்கொண்டிருந்தேன். கிடைத்த பதில் சின்னதுதான். வெண்டை ஒரு வீட்டின் கொல்லையிலிருந்து இன்னொரு வீட்டின் கொல்லைக்குப் போன செடி. அதனாலேயே அதைக் கொண்டுபோனவர்களின் பெயர்கள் வரலாற்றில் கிட்டத்தட்ட இல்லை. கிட்டத்தட்ட என்று ஏன் சொல்றேன் என்பது கீழே வரும்.

29 + 36 = 65

முதலில், இது எந்த ஊர்ச் செடி? இதில் இரண்டு கட்சி உண்டு.

பயிர்களின் பிறப்பிடம் பற்றி 1880-களில் முக்கியமான நூல் ஒன்றை எழுதிய சுவிஸ் தாவரவியலாளர் அல்போன்ஸ் தெ காந்தோல், வெண்டையை ஆப்பிரிக்கச் செடி என்றார். நைல் நதிப் பக்கத்தில் அது காட்டுச் செடியாகக் கிடைக்கிறது என்பது அவர் வாதம். எத்தியோப்பியாதான் வெண்டையின் தாய்வீடு என்று பல புத்தகங்களில் படித்திருப்போம். அதன் வேர் இங்கேதான்.

இரண்டாவது கட்சி டெல்லியிலிருந்து கிளம்பியது. 1952-ல் பி.பி. பாலும் அவருடைய சகாக்களும் வட இந்தியாவில் கிடைத்த ஒரு காட்டு வெண்டையைத் தனி இனமாக விவரித்து, ட்யூபர்குலேட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். நம்ம வீட்டு வெண்டைக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. அதன் குரோமோசோம் எண்ணிக்கை, பாலணுவில் 29. நாம் சாப்பிடும் வெண்டைக்குப் பெரும்பாலும் 65 (செல்லில் 130). 1956-ல் ஏ.பி. ஜோஷியும் எம்.டபிள்யூ. ஹர்தாஸும் ஒரு கழித்தல் போட்டார்கள். 65-ல் 29 போனால் 36. அந்த 36 குரோமோசோம் உள்ள ஒரு செடியும் 29 உள்ள செடியும் எப்போதோ கலந்து, இரண்டின் மொத்தமும் அப்படியே சேர்ந்து உருவானதுதான் வெண்டை என்றார்கள்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால் இது இரண்டு கிளைகளின் மெர்ஜ். எதையும் அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்ட மெர்ஜ். ஒரு பக்கத்துத் தாய் இந்தியாவில் இருப்பதால் வெண்டையும் இந்தியாவில் பிறந்திருக்கலாம் என்று இந்தக் கட்சி சொல்கிறது. ஆனால் எண்ணிக்கை பொருந்துவது ஒரு துப்பு மட்டுமே, தீர்ப்பு ஆகாது. வெண்டையின் குரோமோசோம்களை எண்ணியவர்கள் எல்லோருக்கும் ஒரே விடை வந்ததும் இல்லை. அதோடு மேற்கு ஆப்பிரிக்காவில் இதைவிட அதிகக் குரோமோசோம்கள் கொண்ட இன்னொரு வெண்டை இனமே பயிராகிறது. ஆகவே தாய்வீடு வழக்கு இன்னும் முடியவில்லை. இந்தப் பதிவுக்கு அது முடியவும் வேண்டாம். பயணத்தைப் பேச வேறு சாட்சி இருக்கு.

பெயர்கள் நடந்த பாதை

தமிழில் வெண்டை, மலையாளத்தில் வெண்ட, தெலுங்கில் பெண்ட, கன்னடத்தில் பெண்டெ, இந்தியில் பிண்டி. மலாய் மொழியில் பெண்டி, இங்கிருந்து போன பெயர். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் பகரம் ஆவது வழக்கம். நம்ம வேர் அங்கே பேரு, வாழை அங்கே பாளெ. வெண்டை - பெண்டெ ஜோடியும் அந்த விதிக்குள் வருகிறது. உடனே இதை வைத்து சிந்து சமவெளி வரைக்கும் போக வேண்டாம். கடன் வாங்கிய சொல்லும் இதே மாதிரி உருமாறும்.

மேற்கே போனால் அரபியில் பாமியா. துருக்கி, கிரேக்கம் வரை அதே குடும்பப் பெயர்தான். அந்தலூசியாவிலிருந்து வந்த தாவரவியலாளர் அபுல் அப்பாஸ் அல் நபாத்தி 1216-ல் எகிப்துக்குப் போனபோது, அங்கே மக்கள் இந்தச் செடியைப் பயிரிட்டு இளங்காயை உண்பதை விவரித்திருக்கிறார். வெண்டையைப் பற்றிய பழைய எழுத்துச் சாட்சிகளில் இது முக்கியமானது.

சுவாரசியம் அட்லாண்டிக் பக்கத்தில்தான். ஆங்கிலத்தில் ஓக்ரா. இது நைஜீரியாவின் இக்போ மொழிச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் கோம்போ, கியூபாவின் ஸ்பானிஷில் கிம்போம்போ. இவை அங்கோலா, காங்கோ பக்கத்து பாண்டு மொழிகளின் கிங்கோம்போ என்ற சொல்லிலிருந்து வந்தவை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கணும். கொலம்பஸ் மிளகைத் தேடிப்போய் மிளகாயைப் பார்த்தார். ஐரோப்பியர் அதற்கும் மிளகின் பெயரையே ஒட்டினார்கள், ஆங்கிலத்தில் இன்றைக்கும் இரண்டும் பெப்பர்தான். அதாவது விற்றவன் வைத்த பெயர் நின்றது. வெண்டை விஷயத்தில் தலைகீழ். நிலமும் கப்பலும் சட்டமும் கையில் வைத்திருந்த ஐரோப்பியர்கள், தங்கள் அடிமைகளின் வாயிலிருந்து வந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. அந்தச் செடியை நட்டவர்களும் சமைத்தவர்களும் அடிமைகள். எசமானர்களிடம் அதற்கு ஒரு பெயரே இல்லை.

கப்பல் கணக்கில் வராத விதை

அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கு மிக விரிவான ஒரு தரவுத்தளம் இணையத்தில் இருக்கிறது. சுமார் 36,000 கப்பல் பயணங்களின் விவரங்கள். ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர், அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம் பேர் என்பது அதன் மதிப்பீடு. டேட்டாபேஸோடு வேலை செய்து பழகினவன் என்பதால் அதை ஆசையாகத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மூடிவிட்டேன். மனிதர்களைச் சரக்காக எண்ணிய ஏடுகளிலிருந்து எடுத்த அட்டவணை அது. ஒவ்வொரு வரிசையும் ஒரு கப்பல்.

அந்த ஏடுகளில் மனிதர்களுக்கு இலக்கம் உண்டு. ஒரு பிடி விதைக்கு இலக்கம் கிடையாது. வெண்டை எந்தக் கப்பலில் ஏறியது என்று யாராலும் காட்ட முடியாது. அடிமைக் கப்பல்களுக்கு ஆப்பிரிக்கக் கரையிலேயே உணவுப் பொருட்களை வாங்கி ஏற்றுவார்கள். அதில் மிச்சமானவை அக்கரையில் முளைத்தன என்று புவியியலாளர் ஜூடித் கார்னி 2009-ல் வந்த தன் நூலில் வாதிடுகிறார். வெண்டை 1658-க்குள் பிரேசிலில் பதிவாகிவிட்டது, 1686-க்குள் சுரினாமில்.

இறங்கிய இடத்தில் அதை யார் நட்டார்கள் என்பதற்குத் தெளிவான பதில் உண்டு. ஜமைக்கா போன்ற தீவுகளில் கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்குச் சாப்பாடு போடுகிற செலவை மிச்சம் பிடிக்க, கரும்புக்கு லாயக்கில்லாத ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, உன் சாப்பாட்டை நீயே விளைவித்துக்கொள் என்றார்கள். வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கே பாடுபட வேண்டும். கஞ்சத்தனத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் என்ன நடணும் என்பதை அடிமைகளே முடிவு செய்யக்கூடிய ஒரே இடமும் அதுதான். அங்கே அவர்கள் ஊர்ச் செடிகள் முளைத்தன. மிஞ்சியது ஞாயிற்றுச் சந்தைக்குப் போனது.

இந்தத் துண்டு நிலத்துக்கு வெண்டையைப் போல் பொருத்தமான செடி குறைவு. வெயில் தாங்கும். விதைத்த 40, 45 நாளில் பூத்து, அடுத்த வாரமே காய் கொடுக்கும். துணைச் செடி இல்லாமல் ஒரே பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துவிடும். செடியில் விட்ட காய் தானாகக் காய்ந்து, உள்ளே அடுத்த வருடத்துக்கான விதை தயாராகிவிடும். கையில் காசும் நிலப்பத்திரமும் இல்லாதவரும் வருஷா வருஷம் வைத்துக்கொள்ளக்கூடிய சொத்து.

1748-ல் லின்னேயஸின் மாணவர் பீட்டர் கால்ம் அமெரிக்காவின் பிலடெல்பியா வந்தபோது, அங்கே தோட்டங்களில் ஓக்ரா இருந்தது. சூப்பில் போட்டால் அது பருப்புக் குழம்பு போலக் கெட்டியாகிறது, கறுப்பின மக்களுக்கு மிகவும் பிடித்தமானது என்று எழுதினார். அதோடு, இது மேற்கிந்தியத் தீவுகளில் தானாக விளையும் செடி என்றும் எழுதினார். அந்தக் காலத்துக்குள்ளேயே ஆப்பிரிக்கா கழன்றுவிட்டது. அக்கறையோடு கவனித்து எழுதிய ஒரு விஞ்ஞானியின் குறிப்பிலேயே இந்த நிலை.

கோம்பா சமைத்த குழம்பு

கிட்டத்தட்ட என்று மேலே சொன்னதற்கு இப்போ வருவோம்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கம்போ என்ற குழம்பு மிகப் பிரபலம். இறைச்சி, இறால், வெண்டைக்காய் போட்டுக் கொதிக்கவைத்து சோற்றோடு சாப்பிடுவது. வெண்டைக்குப் பதிலாக, சாஸஃப்ராஸ் என்ற மரத்தின் இலைப்பொடியைப் போட்டுக் கெட்டியாக்குவதும் உண்டு, அது அந்த மண்ணின் சோக்டா பழங்குடியினரிடமிருந்து வந்த பழக்கம். கம்போ என்ற சொல் லூசியானாவில் எழுத்தில் வருகிற பழைய இடம் எது என்று தேடிய வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால், 1764-ம் ஆண்டின் ஒரு கையெழுத்து ஆவணத்தைக் கண்டுபிடித்தார்.

அது சமையல் குறிப்பு இல்லை. விசாரணை வாக்குமூலம். நியூ ஆர்லியன்ஸில் துணியும் ஒரு பன்றியும் திருடியதாகச் சில அடிமைகள் மீது வழக்கு. அவர்களோடு தொடர்பு வைத்திருந்ததாகச் சந்தேகப்பட்டு, கோம்பா என்ற 50 வயது அடிமைப் பெண்ணை விசாரிக்கிறார்கள். லூயி என்ற அடிமைக்கு நீ ஒரு கோம்போ கொடுத்தாயா என்று கேட்கிறார்கள். கொடுத்தேன் என்கிறார்.

அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக லட்சக்கணக்கான பானைகளில் கொதித்த ஒரு குழம்பு, அங்கே எழுத்தில் ஏறுவது ஒரு பெண் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற நாளில். அதில் என்னென்ன போட்டார் என்பது வழக்குக்குத் தேவையில்லாத விஷயம். பசித்த ஒருவருக்குச் சோறு கொடுத்தது மட்டும் தேவைப்பட்டது, அதுவும் சாட்சியமாக.

இதிலிருந்து 60 வருடம் தள்ளி 1824-ல் மேரி ராண்டால்ஃப் என்ற வெள்ளைக்காரச் சீமாட்டி வர்ஜீனியா சமையல் நூலை வெளியிட்டார். வெண்டைக்காய் சூப், தக்காளியோடு வெண்டைக்காய், கம்போ, எல்லாம் அதில் உண்டு. கம்போவை மேற்கிந்தியத் தீவுகளின் பதார்த்தம் என்று குறிப்பிட்டார். அந்தக் காலத்து வர்ஜீனியாவின் பணக்கார வீட்டு அடுப்படிகளில் நின்று சமைத்தவர்கள் அடிமைப் பெண்கள். நூலின் அட்டையில் அவர்கள் பெயர் வராது. கோம்பாவின் பெயர் நமக்குத் தெரிவதே அவர் மாட்டிக்கொண்டதால்தான்.

நமக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதையும் உண்டு. 1845-ல் இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு முதல் கப்பல் ட்ரினிடாட் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள், பின்னால் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கொஞ்சம் பேர் போனார்கள். அவர்கள் இறங்கின தீவில் வெண்டை ஏற்கெனவே இருந்தது, ஓக்ரோ என்ற ஆப்பிரிக்கப் பெயரோடு. ஊரில் பிண்டி என்றும் வெண்டை என்றும் கூப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே ஓக்ரோ என்றுதான் சொல்கிறார்கள். முதலில் நட்டவர்களின் பெயரே அங்கே நிலைத்தது.

கொழகொழப்பை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம்

வெண்டையின் கொழகொழப்பு ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. தண்ணீரில் இறங்கினால் பாகு போல இழுக்கும். புளிப்புப் பட்டால் இளகிவிடும். உலகத்துச் சமையலறைகளை இதை வைத்து இரண்டாகப் பிரித்துவிடலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கொழகொழப்பு வேணும் என்றே சமைக்கிறார்கள். நைஜீரியாவில் இப்படி இழுக்கும் குழம்புக்கு இழுவைக் குழம்பு என்ற பொருளிலேயே பெயர். கிழங்கு மாவுக் களியை உருட்டி அதில் தோய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். லூசியானாவின் கம்போ, சோளமாவும் வெண்டையும் சேர்த்துக் கிண்டும் பார்படோஸின் கூ-கூ, இரண்டும் இந்த வம்சம்தான். கடல் தாண்டியும் கைப்பழக்கம் மாறவில்லை.

எகிப்து, துருக்கி, இந்தியா எல்லாம் எதிர்க்கட்சி. அங்கே தக்காளியும் எலுமிச்சையும், இங்கே புளி. நம்ம புளிக்குழம்பில் வதக்கின வெண்டையைப் போடுவதும், கழுவித் துடைத்த பிறகே நறுக்கு என்று அம்மா சொல்வதும், பொரியலை மூடிபோடாமல் வதக்குவதும் ஒரே காரணத்துக்காக. துருக்கியில் குட்டி வெண்டைக்காய்களை நூலில் கோத்து மாலையாகக் காயவைக்கிறார்கள். நாம் மோரில் ஊறப்போட்டு வத்தல் போடுகிறோம். செட்டிநாட்டு மண்டி மட்டும் இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கிறது. அரிசி களைந்த கழுநீரில் கொதிப்பதால் கெட்டித்தன்மை வருகிறது, புளி சேர்வதால் இழுவை போகிறது.

விதைக்கு விட்ட காய்

இந்தியாதான் இன்று உலகிலேயே அதிகமாக வெண்டை விளைவிக்கும் நாடு. ஆனால் இங்கே அதற்கு ஒரு பெரிய எதிரி உண்டு. இலை நரம்புகள் மஞ்சளாகி வலை போலத் தெரியும், காய் வெளுத்துச் சிறுக்கும். மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். 1924-ல் பம்பாய் மாகாணத்தில் முதலில் பதிவானது. இதைத் தாங்கும் என்று 1950-களில் டெல்லியில் உருவாக்கிய பூசா சவானி ரகம் நாடு முழுக்கப் பரவியது. சில வருஷங்களில் அதுவும் நோயில் விழ ஆரம்பித்தது. அடுத்து வந்த பர்பானி கிராந்தி, அர்கா அனாமிகா ரகங்களில் எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? வேலியோரத்திலும் காட்டிலும் கிடந்த, சாப்பிட லாயக்கில்லாத காட்டுச் சொந்தங்களிடமிருந்து. யாரும் கணக்கில் வைக்காத செடிதான் மறுபடியும் காப்பாற்றியது.

இங்கேதான் நம்ம மாடித்தோட்டம் வருது. கடையில் வாங்கும் எஃப்1 வீரிய ஒட்டு விதை நன்றாகக் காய்க்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் தாய் மாதிரி வராது, ஆளுக்கொரு விதமாகப் பிரியும். கொல்லை விட்டுக் கொல்லை போன அந்தச் சங்கிலி அங்கே நின்றுபோகும். விதைத் திருவிழாக்களில் கிடைக்கும் யானைத்தந்த வெண்டை, சிவப்பு வெண்டை, பலகிளை வெண்டை போன்ற நாட்டு ரகங்களில் அந்தச் சங்கிலி இன்னும் ஓடுது. அமெரிக்கத் தெற்கில் பசுக்கொம்பு வெண்டை என்று ஒரு பழைய ரகம் இருக்கு, கேரளத்தில் ஆனைக்கொம்பன். நீளக் காயைப் பார்த்ததும் எல்லா ஊர்க்காரனுக்கும் கொம்புதான் ஞாபகம் வருது போல.

செய்யறது ரொம்ப சுலபம். ஆடிப்பட்டத்திலோ மாசியிலோ, விதையை ராத்திரி ஊறவைத்து விரல்கடை ஆழத்தில் ஊன்றுங்க. செடிக்குச் செடி ஒரு முழம் விடுங்க. தொட்டியென்றால் ஒரு தொட்டிக்கு ஒரு செடி போதும். காய்க்க ஆரம்பித்தால் ரெண்டு நாளுக்கு ஒருதரம் நுனி ஒடிகிற பருவத்தில் பறிக்கணும். காய் முற்ற முற்ற செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துவிடும், அதனால் விதைக்காக விடுவதைக் கடைசிப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தேமல் இல்லாத, நல்லாக் காய்த்த செடியில் ரெண்டு மூணு காயைச் செடியிலேயே காயவிட்டு, வரி வெடிக்கும்போது பறித்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கவும். தேனீ வந்து கொஞ்சம் கலப்பு செய்யும், ஆகவே பக்கத்தில் வேறு ரகம் இல்லாமல் பார்த்துக்கோங்க.

டப்பாவின் மேல் ரகத்தின் பெயர், வருஷம், யார் கொடுத்தது என்று மூன்றையும் எழுதி ஒட்டுங்க. முதல் இரண்டை எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவதைத்தான் முந்நூறு வருஷமா யாரும் எழுதாமல் விட்டாங்க.